ஞானத்தாய்க்கு அனுமதி இல்லை

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. இந்தப் பத்தியை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கதவு தட்டப்பட்டது.

எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருக்கும் ஜெசிந்தா. தோளில் கைக்குழந்தை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“அக்கா, நீங்கள் பேப்பரிலை எழுதுற ஆள்தானே? நேர்ஸ்மாரை விசாரிக்கிற இடம் ஒண்டு இருக்காம். அவைக்கு ஒரு கொம்பிளெயின்ற் எழுதித் தாங்கோ.”

பயந்துபோனேன். பிழையான மருந்து ஏதும் கொடுத்துவிட்டார்களோ?

“அப்பிடி என்ன செய்தவ?”

“ஒண்டும் செய்யமாட்டனெண்டு நிக்கிறா. அதுதான் கொம்பிளெயின்ற்!”

உட்காரவைத்து, தேத்தண்ணீர் கொடுத்து, கதையை வாங்கினேன். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னவளே ஜெசிந்தாதான்.)

பார்க்டேலில் எங்கள் பக்கத்துக் கிளினிக்கில் திலகம் என்றொரு தமிழ் நேர்ஸ். சும்மா நேர்ஸ் இல்லை... மேற்படிப்புப் படித்து, தானே நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதிக்கொடுக்கிற நேர்ஸ் பிரக்டிஷனர். சட்டம் வந்து அவர்களுக்கு அந்த உரிமை கிடைத்தது அண்மையில்தான். உரிமையோடு விதிகளும் வந்தன. மீறினால் விசாரணை. பதிவே பறிபோகலாம்.

ஜெசிந்தா எட்டு மாத வயிற்றோடு போய், “நேர்ஸ் அக்கா, கண்ணுக்குள்ளை மின்னுது” என்றிருக்கிறாள். திலகம் உடனே பிரஷரைப் பார்த்து, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கண்ணுக்குள் மின்னுவதை ஜெசிந்தா எந்த இங்கிலீசில் போய்ச் சொல்லியிருப்பாள்?

இப்போது பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஜெசிந்தா மன்னார்ப் பெண். கூடப்பிறந்தவர்கள் யாரும் இந்த நாட்டில் இல்லை. கணவனுக்குத் தூரத்தில், பிறம்ரன் நகரில் வெயார்ஹவுஸ் வேலை. கோயிலில் பிள்ளையை ஏந்தி நிற்கிற ஞானத்தாய் என்றால், அது தன்னைப் போலவே கத்தோலிக்கப் பெண்ணான திலகம்தான் என்று முடிவெடுத்துவிட்டாள்.

திலகம் மாட்டேன் என்றுவிட்டாள். தன்னிடம் மருந்தெடுக்கிறவர்களோடு அப்படி உறவு வைத்துக்கொள்ளக் கூடாதாம்.

“அக்கா எண்டு கூப்பிட விடுறா. அக்காவா வாங்கோவெண்டா ரூல்ஸ் எண்டுறா. அப்ப எங்களை ஒரு ஆக்களா நினைக்கேல்லைத்தானே?”

திலகம் என்னோடு ஒரே விடுதியில் நின்று படித்தவள். அன்று பின்னேரமே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

“அப்பிடி ஒரு ஆள் என்னட்டை வாறாவோ எண்டுகூட நான் உனக்குச் சொல்லக்கூடாது” என்றாள்.

சரி, யாரையும் பற்றி வேண்டாம். பொதுவாகச் சொல்லு என்றேன்.

“சொந்தமாப் போனா, முகத்துக்கு நேரை சொல்லவேண்டியதைச் சொல்லேலாமப் போயிடும். அவையும் எனக்கு மறைக்கப் பாப்பினம். உந்த ரூல் பிழையில்லை.”

“வேறை ஆளிட்டை மாத்திவிட்டா?”

“மாத்தி, கொஞ்சக் காலமும் போகவேணும். ஆனா அங்கை தமிழ் கதைக்கிறது நான் ஒருத்திதானே.”

யன்னல் சீலையை விலக்கித் தெருவைக் காட்டினாள்.

“இந்தப் பக்கத்துத் தமிழ் ஆக்கள் எல்லாரும் என்னட்டைத்தான் வருகினம். அப்ப எனக்கெண்டு ஆர் மிச்சம், சொல்லு பாப்பம்? ஒரு பிள்ளையைத் தூக்கினாலும் நிறை பாக்கத்தான் தூக்குறன். நீ தயவுசெய்து டொக்டரை மாத்திக்கொண்டு எங்கடை கிளினிக்குக்கு வந்திடாதை.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எவ்வளவு ஏங்கிப்போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பிள்ளையை ஏந்திக்கொண்டு கோயிலுக்குள் நடக்க அவளுக்கு மட்டும் ஆசை இருக்காதா?

நாங்கள் எப்படிப்பட்ட ஆட்கள்? பஸ்ஸில் ஏறி, “நீங்கள் எவடம்?” என்று தொடங்கினால் இறங்குவதற்குள் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவோம். சொந்தம் கிடைத்ததும், வரிசையில் முன்னுக்குப் போகலாமா என்றும் பார்ப்போம்! இந்த நாட்டிலோ விலகி நிற்பதையும் கடமையாக எழுதிவைத்திருக்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் நல்ல விதி வீட்டுக்கு வந்து கூட இருந்து சாப்பிடுமா?

ஜெசிந்தாவிடம் உள்ளதைச் சொன்னேன். வேறு நேர்ஸிடம் மாறி, ஞானஸ்நானத்தையும் தள்ளிப்போட்டால் ஒருவேளை திலகம் வரலாம். இல்லையென்றால் அவள் நேர்ஸ் மட்டும்தான்.

ஜெசிந்தா பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். அவளுக்குப் பிரஷர் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

“திருப்பிக் கண்ணுக்குள்ளை மின்னினா நான் ஆரிட்டைப் போறது, அக்கா?”

கொம்பிளெயின்ற் பேச்சு அதோடு முடிந்தது. எழுந்து போனாள்.

போன ஞாயிறு ஞானஸ்நானம். நானும் போயிருந்தேன். ஞானத்தந்தையாகக் கணவனின் சிநேகிதர் ஒருவர் நின்றார். ஞானஸ்நானம் கொடுக்க நின்ற சுவாமி சுற்றிப் பார்த்தார்.

“ஞானத்தாய் எங்கை, பிள்ளை?”

பக்கத்தில் நின்ற ஒரு பெண், “நான் நிக்கிறன், சுவாமி” என்று முன்னுக்கு வந்தாள். நல்ல மனம். ஜெசிந்தா மெல்லக் கையைக் காட்டி அவளை மறித்தாள்.

“ஒராள் நிண்டாலும் போதுமெண்டு சொன்னனீங்கள்தானே, சுவாமி. அந்த இடம் அப்பிடியே இருக்கட்டும். அதுக்கு ஆள் இருக்கு... இப்ப டியூட்டியிலை நிக்கிறா.”

ஞாயிற்றுக்கிழமையில் கிளினிக் பூட்டு என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.