ஆணியில் தொங்கும் கவிதைகள்

காலை ஆறு ஐம்பதுக்குத் தாம்பரத்தில் இறங்கினேன். திருச்சியிலிருந்து உட்கார்ந்தபடியே வந்ததில் முதுகு கழன்றுவிட்டது. எதிர் நடைமேடையில் மின்சார ரயில் தயாராக நின்றது. இரண்டு ரூபாய்ச் சீட்டு. சானடோரியம், குரோம்பேட்டை, மூன்றாவதாகப் பல்லாவரம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான் வந்தது கடல் பார்க்கவோ கோயில் பார்க்கவோ அல்ல, சில வீடுகளின் சுவரைப் பார்க்க.

திருச்சியில் அலுவலக நண்பர் ஒருவரின் வீட்டில் திருமண வாழ்த்து மடல் ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் ரோஸ் தாளில் அச்சடித்து மண்டபத்தில் விநியோகிப்பார்களே, அதேதான். அதை யாரும் படிப்பதில்லை. நான் படித்துத் தொலைத்தேன். மாப்பிள்ளை நடு ரோட்டில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியதைப் பற்றி நாலு வரி இருந்தது, அவ்வளவு அழகு. அடியில் ‘ஆக்கம்: பம்மல் கமால்’ என்று போட்டிருந்தது.

வருடத்துக்கு இரண்டு கவிதைப் புத்தகம் போட்டு வீட்டில் திட்டு வாங்குகிறவன் நான். மூன்றாவது திட்டையும் வாங்கிவிடலாம் என்று, புத்தகம் போடக் கவிதைகளைக் கேட்டுக் கமாலுக்குக் கடிதம் எழுதினேன். பதில் அஞ்சலட்டையில் வந்தது. தன் கையில் ஒரு கவிதையும் இல்லை, எல்லாம் அவரவர் வீட்டில் இருக்கின்றன, வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தார்.

பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. பம்மலில் ஒரு தோல் பதனிடும் இடத்தில் தோல்களைத் தரம் பிரிப்பது வேலை. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை.

“நோட்டு கொண்டாந்தீங்களா சார்?”

“மூன்று இருக்கிறது.”

“ஒண்ணு போதும். அவ்ளோ தேறாது” என்று சொல்லிவிட்டு கேரியரைத் தட்டிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கடை விரிக்கத் தொடங்கியிருந்தார்கள். பழைய மின்விசிறி, ஒற்றைக் கதவு, கூண்டுக் கோழி என்று வழியெல்லாம் வேடிக்கைதான். கேரியரில் இருந்தபடி எல்லாவற்றையும் விலை கேட்க ஆசையாக இருந்தது. கமால் நிறுத்தவில்லை.

எட்டரை மணிக்குப் பம்மலில் முதல் வீடு. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கோவிந்தன், ஸ்டூல் போட்டு ஏறி டிவிக்கு மேலிருந்த மடலை இறக்கி, லுங்கியால் தூசி தட்டிக் கொடுத்தார். பாட்டு பன்னிரண்டு வரி. அதற்குக் கீழே வாழ்த்தும் நண்பர்களின் பெயர்கள் இருபத்து மூன்று.

“மொதல்ல இருபது வரி எழுதினேன்” என்றார் கமால். “தாள் சைஸ் மாறாது சார். பேரு ஏற ஏறப் பாட்டு எறங்கும். ஒரு பேரை வுட்டா சிநேகிதமே போச்சு. எட்டு வரி வுட்டா யாருக்குத் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியுமே.”

“எனக்குத் தெரியும்” என்றார்.

வெட்டிய எட்டு வரிகளும் இன்று எங்கும் இல்லை. கல்யாண அழைப்பிதழின் பின்பக்கத்திலேயே எழுதி அச்சகத்தில் கொடுத்துவிடுவாராம். அது திரும்பி வராது. அச்சான நூறு தாளும் மண்டபத்தில் விசிறியாகிவிடும். தாலி கட்டி முடிந்ததும், கூட்டம் பந்திக்கு எழுவதற்குள், மைக்கைப் பிடித்துப் படித்து முடிக்க வேண்டும். கடைசி வரியை இதுவரை பத்துப் பேராவது கேட்டிருப்பார்களா என்பதில் அவருக்கே சந்தேகம்தான்.

நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கோவிந்தனுக்குப் பாவமாக இருந்தது போலும். “இன்னாத்துக்கு சார் கை வலிக்க எழுதறீங்க? அப்படியே எடுத்துகினு போங்க. சாமி படம் மாட்ட எடம் இல்லாம கீது” என்றார். மனிதர் நல்ல மனதோடுதான் சொன்னார். கமாலும் சிரித்தார்.

மதியத்துக்குள் பதினோரு கவிதைகள், ஏழு டீ. ஒரு வீட்டில் மடலின் மேல் குழந்தையின் படத்தை ஒட்டியிருந்தார்கள். கன்டோன்மென்ட் பக்கம் ஸ்டெல்லா அக்கா வீட்டில், பரணில் கிடந்ததைத் தேடி எடுத்து, “நீங்களே வெச்சுக்குங்க பாய், எங்களுக்கு எதுக்கு” என்றார்கள். எல்லா இடத்திலும் இதே தாராளம்தான்.

ஒரு மணித் தொழுகைக்குப் போய்விட்டு வந்த கமால், சைக்கிளை எடுக்காமல் நின்றார்.

“இதுவரைக்கும் எழுதிக்கினது எல்லாம் வேலை சார். கோவிலம்பாக்கத்துல ஒண்ணு கீது. அதான் என் பாட்டு. அது இல்லாம புஸ்தகம் போடறதுன்னா வேணாம்.”

அவரோடு வேலை பார்த்தவரின் மகள் ஜெயந்தியின் கல்யாணத்துக்கு எழுதியது. மற்ற பெண்களையெல்லாம் நிலவு, தாமரை என்று ஒப்பேற்றிவிடுவாராம். சிறு வயதிலிருந்து பார்த்த இந்தப் பெண்ணை அப்படி எழுதக் கை வரவில்லையாம். அவள் கணவன் இரண்டு வருடத்துக்கு முன் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டான். அதன்பின் கமால் அந்தப் பக்கமே போகவில்லை.

“நல்லா இருப்பீங்கன்னு மைக்ல சொன்னவன் நான். எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது?”

கீழ்க்கட்டளை வழியாக ஆறு கிலோமீட்டர் இருக்கும். வெயிலில் இருவரும் மாறி மாறி மிதித்தோம்.

மூன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்னறையில் ஜெயந்தி தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தார். “வாங்க பாய். வழி மறந்துபோச்சா?” என்றார். கமாலின் கண் நாலு சுவரையும் சுற்றி வந்தது. எதிலும் மடல் இல்லை. வந்த காரியத்தை நான்தான் சொன்னேன்.

அவர் உள்ளே போய் பீரோவைத் திறந்தார். கண்ணாடியும் சட்டமும் இல்லாமல், வெறும் தாளாக, பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்தார். பதினாறு வரி. நின்றபடியே படித்தேன். நோட்டைத் திறந்ததும் அவர் தாளின் மேல் கையை வைத்தார்.

“எழுதிக்க வேணாம் சார்.”

“அவன் பேரை எடுத்துடறேன்மா” என்றார் கமால்.

“பேரு இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல பாய். அவரைப் பத்தி எட்டு வரி, என்னைப் பத்தி எட்டு வரி எழுதியிருக்கீங்க. எங்க வீட்ல யாரும் என்னைப் பத்தி எட்டு வரி பேசினதில்ல. புக்ல போட்டா எல்லாரும் படிப்பாங்க. இது எங்கிட்டயே இருக்கட்டுமே.”

எல்லாரும் படிக்க மாட்டார்கள் என்று என் சொந்த அனுபவத்தை வைத்து உறுதி சொன்னேன். அவர் சிரித்தார், கையை எடுக்கவில்லை. இதற்காகவா ராத்திரி முழுக்க ரயிலில் வந்தேன் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஜெயந்தி கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்து, “சரிம்மா” என்றார் கமால்.

ஐந்தே முக்காலுக்குப் பல்லாவரம் ஸ்டேஷன். புத்தகம் அவ்வளவுதானா என்று கேட்டேன்.

“போடுங்க சார். பதினொண்ணு போதும்.”

“அது இல்லாமல் வேண்டாம் என்றீர்களே?”

“காலையிலருந்து எல்லா வூட்லயும் எடுத்துகினு போன்னு குடுத்தாங்க. ஒரு வூட்லதான் தர மாட்டேன்னாங்க” என்றார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

புத்தகம் மறு வருடம் வந்தது. படித்தவர்கள் பாராட்டினார்கள். படிக்காதவர்களின் பிரதிகள் திருச்சியில் என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. விட்டுப்போன கவிதையில் மூன்று வரி எனக்கு இன்னும் மனப்பாடம். அவற்றை இங்கே எழுதிவிடக் கை துறுதுறுக்கிறது. வேண்டுமென்றால் நீங்களே கோவிலம்பாக்கம் போய் ஜெயந்தியைக் கேட்டுப் பாருங்கள். தர மாட்டார்.