ராவி எடுத்த சேவல்

கணவன் மனைவிக்கு மனமுவந்து கொடுத்த நகையும் பாத்திரமும் ஸ்திரீதனம். அவன் இறந்த பிறகு அவன் தம்பிக்கு அதில் எந்தப் பாத்தியதையும் கிடையாது. இதைச் சொல்ல வக்கீல் வேண்டாம், ரிஜிஸ்திரார் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த எனக்கே தெரியும். என் அக்காவின் மைத்துனனுக்கும் தெரியும். அவன் பி.எல். படித்தவன்.

பொருள் ஒரு வெள்ளிக் காபிப் பாத்திரம். அத்திம்பேர் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு வியாபாரியிடம் கணக்கெழுதினார். ஊர் திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் ஏலம் போனபோது அதை எடுத்து, என் கண் முன்னால் அக்கா கையில் கொடுத்தார். குழந்தை இல்லாத அவளுக்கு, தன்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான்.

அதன் அழகு அதன் அடக்கத்தில். பூவும் கொடியுமாகப் பிதுங்கும் பழைய பாணியைப் பாரிஸ் ஆசான்கள் கைவிட்டு, கிரேக்கத் தூணைப் பார்த்து வெள்ளி அடித்த காலத்தது. நேரான உடல், கழுத்தில் ஒரே வரி இலைமாலை, சிங்கப் பாதத்தில் மூன்று கால்கள், கருங்காலிக் கைப்பிடி. அடியில் இரண்டு முத்திரைகள்: வெள்ளியின் தரத்துக்கு அரசாங்கம் குத்திய சேவல், செய்த ஆசானுக்கு, அவன் பெயரின் முதலெழுத்துகளோடு ஒரு சாய்சதுரம். அது இல்லாமல் எந்த ஆசானும் தன் சரக்கை விற்க முடியாது. அரிசிமணி அளவுதான், அதற்குள் ஒரு மனிதனின் மானம் முழுவதும் இருந்தது.

அத்திம்பேர் காலமான மறுவருஷம், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது. மயிலாப்பூரில் என்னோடு இருந்த அக்காவைக் கும்பகோணம் அழைத்துப் போனேன். பாத்திரத்தை, ஊரைவிட்டு நகராத மைத்துனன் பத்திரத்துக்கு என்று வாங்கிக்கொண்டான். பயம் தெளிந்து மயிலாப்பூர் திரும்பியதும் மாம்பலத்தில் அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டோம்.

"மன்னி, அது எங்காத்துச் சொத்து. அண்ணா சம்பாத்தியம்" என்றான்.

"அவர் எனக்குன்னு கொடுத்தது" என்றாள் அக்கா.

"பத்திரம் எழுதிக் கொடுத்தாரா?"

"உம்ம ஆம்படையாளுக்குப் புடவை வாங்கினா பத்திரம் எழுதறீரா ஓய்?" என்றேன்.

அவன் உள்ளே போய் அதைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினான். சேவலும் இல்லை, ஆசானும் இல்லை. அரம் போட்டு வழித்த இடத்தில், குளக்கரைப் பாத்திரக்கடைக்காரன் புள்ளி புள்ளியாக மைத்துனனின் அப்பா பெயரை வெட்டியிருந்தான்.

"அடுத்தவன் பேரு வெட்டின பாத்திரத்தை ஆத்துல வெச்சுக்கறதாவது! ஏலத்துல எடுத்ததுன்னு ஊர் சிரிக்கும். சேவல் வேற. ராவச் சொல்லிட்டேன்."

"ஏலத்துல எடுத்ததுதானே? முருகன் கொடியிலேயே சேவல் இருக்கே?" என்றேன்.

"எங்காத்துக் கொடியில புடவைதான் காயறது" என்றான். தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்தான்.

நூற்றுச் சொச்சம் வருஷம், கடல் கடந்து, ஏலத்திலும் பிழைத்த முத்திரைகளைச் சட்டம் படித்த ஒரு மூடன் கால்மணி நேரத்தில் அழித்துவிட்டான். வழியெல்லாம் இதையே சொல்லிக் கொதித்தேன்.

"சேவல் போனாப் போறது. எனக்கு என் பாத்திரம் வேணும்" என்றாள் அக்கா.

முறைப்படி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். பிறகு நினைவூட்டல். பிறகு அந்த நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல். வழக்குப் போட அக்கா சம்மதிக்கவில்லை. அத்திம்பேருக்குத் திவசம் செய்பவன் அவன்தான். அந்த ஒரு காரணத்துக்காக அவள் பொறுத்துக்கொண்டிருப்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

கடைசியில் பதில் வந்தது. சென்ற திவசத்தில் அந்தப் பாத்திரத்தைப் பிராமணருக்குத் தானமாகக் கொடுத்தாகிவிட்டது, தானத்தைத் திருப்பிக் கேட்பது பாவம், புண்ணியம் அண்ணாவையே சேரும், ஆகவே மன்னி சந்தோஷப்பட வேண்டும் என்று எழுதியிருந்தான்.

அக்கா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

"இனிமே அவன் கையால அவருக்கு எள்ளும் தண்ணியும் வேண்டாம். வேற மனுஷாளைப் பாரு. நாளைக்கே கேஸ் போடு" என்றாள்.

ஆபீஸ் பழக்கத்தில், உறையின் மேல் வந்துசேர்ந்த நாளைக் குறித்தேன்: யுத்தம் முடிந்த வருஷத்து வைகுண்ட ஏகாதசி.