அன்னக்கொடி உறுமியை நிறுத்திய நாள்

கூக்கால் மலைக்கிராமத்து அன்னக்கொடி அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. பூண்டுக் காட்டில் களை எடுத்தாலும் சரி, சந்தைக்குப் போனாலும் சரி, இருக்கிற இடம் தெரியாது. புருஷன் அழகுமலை நேர் எதிர். மாரியம்மன் கோயில் சாமியாடி. அவர் வாக்குக்கு ஊரே காத்துக் கிடக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் வருஷம் அவருக்கு மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு பாதி சுருங்கிவிட்டது, செயற்கை வால்வு வைக்கலாம், ஆனால் நெஞ்சைத் திறப்பதே உயிருக்கு ஆபத்து, இப்போதைக்குப் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பிறகு அன்னக்கொடியிடம் ஒன்றை அழுத்திச் சொன்னார்: மயங்கி விழுந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷம் காட்டுக்கும் மேட்டுக்கும் அவர் பின்னாலேயே நடந்தாள். தும்மினால்கூட ஓடிவந்தாள். அவருக்கு எரிச்சலான எரிச்சல்.

அறுபத்தொன்பதாம் வருஷத் திருவிழா. உறுமி உச்சத்துக்குப் போனபோது, ஆடிக்கொண்டிருந்த அழகுமலை அப்படியே சரிந்தார். அம்மன் இறங்கிவிட்டாள் என்று பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி ஆண்டிச்சாமி திருநீற்றை அள்ளினார். அன்னக்கொடி கிட்டத்தில் நின்றதால் புருஷன் உதட்டைப் பார்த்தாள். வெளுத்துக் கிடந்தது. தொட்டால் கை சில்லென்றிருந்தது.

உறுமிக்காரனின் குச்சியைப் பிடுங்கினாள்.

"நிப்பாட்டுங்க. இது சாமியில்ல, சீக்கு."

தெய்வக் குத்தம் ஆகிவிடும் என்று பூசாரி சீறினார்.

"குத்தம் என்மேல வரட்டும். கட்டிலை எடுங்க, வெரசா."

அதற்குள் அழகுமலை கண் திறந்தார். சாமிதான் வந்தது, தனக்கு ஒன்றுமில்லை என்றார். கூட்டம் அவளை முறைத்தது.

"அப்ப சாமி என்ன வாக்குச் சொல்லுச்சு? சொல்லுங்க" என்று அன்னக்கொடி அவரைக் கேட்டாள்.

அவர் வாய் திறந்தார். ஒரு சொல் வரவில்லை.

முணுமுணுத்துக்கொண்டே நாலு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். பூம்பாறை வரை நடை, பிறகு உருளைக்கிழங்கு லாரி. வழி நெடுக அவர் நெஞ்சிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

வேலூரில் இந்த முறை பொறுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள், இதுவரை எத்தனை தடவை விழுந்தார் என்று டாக்டர் கேட்டார். ஒரே தடவை என்றாள் அன்னக்கொடி.

அழகுமலை சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "மூணுங்க. போன ரெண்டு திருவிழாவுலயும் இப்படித்தான். நெஞ்சைப் பொளந்துருவீங்களேன்னு பயந்து, சாமின்னு சொல்லிட்டேன்."

புது வால்வோடு அவர் பிழைத்து ஊர் திரும்பினார். பொய் சொன்னதற்காக அன்னக்கொடி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத் தன்மேல்தான் ஆத்திரம். அந்த இரண்டு வருஷமும் அவர் நினைவில்லாமல் கிடந்தபோது, முதல் குலவை போட்டவள் அவள்தான்.