நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அழுதவர்கள்

அடுத்தவர் படித்ததைப் படித்தே பிழைக்கும் தொழில் என்னுடையது. மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புத் தமிழ் டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் வாசிப்பு வகுப்பு. பிள்ளைகள் கதை படித்து, மனதில் பட்டதை வாசிப்பு நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டுக் கட்டோடு வேளச்சேரி ரயிலில் நிற்கும்போது தோள் கழன்றுவிடும். என்னைப்போல் மூட்டை சுமக்கும் டீச்சர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணக்கு டீச்சரின் ஆறுதல்

அந்த ஒரு பீரியட் மேல் கணக்கு டீச்சருக்கு வெகுநாளாகக் கண். பெற்றோர் தினத்தன்று நோட்டுகளைப் பார்வைக்கு வைக்க வேண்டும், சரியாக இல்லையென்றால் பீரியட் கணக்குக்குப் போய்விடும் என்று பிரின்சிபல் சொல்லிவிட்டார். பரீட்சைக்காக இல்லாமல் பிள்ளைகள் சும்மா படிக்கிற நேரம் அது ஒன்றுதான். விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. கணக்கு டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்தபடி சொன்னார்: "விடுங்க மிஸ், நோட்டு திருத்துற வேலையாவது மிச்சம்."

அம்மாக்களின் கண்ணீர்

அந்த மாதம் வகுப்புக்கே ஒரு நாய்க்குட்டிக் கதை. நோட்டுகளைத் திறந்தால், நாய் லாரியில் அடிபடும் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் எல்லோரும் அழுதிருந்தார்கள். 'என் கண்கள் குளமாயின' என்பதுகூட மாறவில்லை. ஒரு அம்மா தன் மகனுக்காக எழுதியதை வாட்ஸ்அப் குழுவில் போட, மற்ற வீடுகளில் அப்படியே இறக்கியிருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கே போன் செய்தேன். தரமணியில் ஐ.டி. வேலை. கோபப்படாமல் களைத்த குரலில் சொன்னார்: "ஆபீஸ் பஸ்ல வந்துக்கிட்டே படிச்சேன், நிஜமாவே அழுதேன் மிஸ். அதுக்கு ஒரு ஸ்டாராவது போடுங்க."

பர்ஹானாவின் பக்கம்

அழாதவள் பர்ஹானா ஒருத்திதான். ராயப்பேட்டையில் அத்தர் கடை வைத்திருப்பவரின் மகள். 'நாய் செத்துடும்னு தோணுது. பயமா இருக்கு. முப்பதாம் பக்கத்துலயே மூடிட்டேன்' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் அத்தனை அலுப்பிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெற்றோர் தினத்துக்கு முந்தின நாள் கோஆர்டினேட்டர் மேடம் அதைப் பார்த்துவிட்டார். கதையை முடிக்கவில்லை, நீதியும் இல்லை, மாற்றி எழுதச் சொல்லுங்கள் என்றார். அவள் நினைத்தது அதுதானே மேடம் என்றேன். "நெனைக்கட்டும் மிஸ். அதை ரஃப் நோட்டுல நெனைக்கச் சொல்லுங்க."

ஆடிட்டர் அப்பா

நான் மாற்றவில்லை. மறுநாள் ஒரு பையனின் அப்பா, ஆடிட்டராம், வரிசையாக ஒரு நோட்டு விடாமல் படித்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் பிரின்சிபல். பர்ஹானாவின் நோட்டருகே நின்று, கண்ணாடியைக் கழற்றினார். "என்ன மேடம், எல்லாக் கொழந்தையும் ஒரே பக்கத்துல அழுதிருக்கு? இந்தப் பொண்ணு ஒருத்திதான் புஸ்தகத்தைத் தொறந்திருக்கா போலிருக்கு."

பரிசு

அது பிரின்சிபலுக்கு உறைத்தது. ஒரு பிள்ளையாவது நிஜமாகப் படிக்கிறதே என்று பீரியட் பிழைத்தது. கூடவே ஒரு உத்தரவும் வந்தது: இனி எல்லோரும் பர்ஹானா மாதிரி மனம் திறந்து எழுத வேண்டும், வாரம் இரண்டு பக்கம். அடுத்த வாரம் நோட்டுகளைத் திறந்தேன். வகுப்பே முப்பதாம் பக்கத்தில் பயந்து புத்தகத்தை மூடியிருந்தது.

பர்ஹானாவின் பக்கம் மட்டும் காலி. ஏன் என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னாள்: "மீதியைப் படிச்சுட்டேன் மிஸ். நாய் சாகல. ஆனா எழுதச் சொல்லாதீங்க, சும்மாதான் படிச்சேன்."

இத்தனை வருஷத்தில் நான் மனசார 'மிக நன்று' போட்டது அந்தக் காலிப் பக்கத்துக்குத்தான்.