நிஜாமுதீனுக்கு நான் போட்ட ஃபுல் டாஸ்

பூந்தமல்லிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடிய யாரைக் கேட்டாலும் நிஜாமுதீனைத் தெரியும். திருமழிசைத் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். காலை நகர்த்தாமல் நின்ற இடத்திலிருந்தே கம்பெனிக் கூரைகளுக்கு மேலே பந்தைத் தூக்குவார். பதினாறு வருடம் எங்கள் டீமுக்கு ஆடினார். டாஸ் போடும் முன்பே எதிர் டீம்காரர்கள், "பாய் வந்துகீறாரா?" என்று விசாரிப்பார்கள். அதே டீமில் பந்து வீசியவன் நான். பெயர் சரண்.

நாற்பத்திரண்டு வயதில் அவருக்குச் சர்க்கரை வந்து பார்வை மங்கியது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நேராக வரும் பந்துக்கே பேட் தாமதமாக இறங்குவதைப் பார்த்து நாங்களாகப் புரிந்துகொண்டோம். அந்த சீசனில் அதுவரை இரண்டே சிக்ஸர். கேப்டன் பாபு அவரோடு ஒன்றாகப் படித்தவர். ஒருநாள் டீக்கடையில் வைத்து, இனி ஏழாவதாக இறங்கு என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நிஜாமுதீன் பாதி டீயோடு எழுந்து போய்விட்டார். அடுத்த வாரமே வேப்பம்பட்டு டீமில் சேர்ந்தார். அங்கே அவரைத்தான் முதலில் இறக்கினார்கள். நோட்டீஸில் அவர் பெயர் இருந்தால் கூட்டம் வரும்.

அந்த சீசனின் கடைசி ஆட்டம் எங்களோடு. அதுவரை மைதானத்துக்கே வராத அவர் மனைவி ஜரினா, மகள் ரூஹியை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். நான் போட்ட முதல் இரண்டு பந்தும் பேட்டில் படவில்லை. ஓரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜரினா தலை குனிந்ததைப் பார்த்தேன். மூன்றாவதைத் தரையில் குத்தாமல் இடுப்புயரத்துக்கு, மெதுவாக, ஃபுல் டாஸாகப் போட்டேன். பந்து வேலியைத் தாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. எங்கள் ஆட்களே கைதட்டினார்கள். கீப்பராக நின்ற பாபு மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் நிஜாமுதீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சரணு, அத்த வேணும்னே போட்டியா?"

"இல்ல பாய், கை வழுக்கிடுச்சு" என்றேன்.

என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்றோடு ஆட்டத்தை விடுவதாக ஜரினாவிடம் அவர் சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் அவர்களும் வந்திருந்தார்கள். ஆனால் வீட்டுக்குப் போனதும், கையில் இன்னும் பலம் இருக்கிறது, ஒரு சீசன் பார்க்கலாம் என்று பேச்சை மாற்றிவிட்டாராம்.

அடுத்த சீசனில் நாலே ஆட்டம். மூன்றில் பூஜ்யம். நாலாவது ஆவடியில். எகிறி வந்த பந்தை அவர் பார்க்கவே இல்லை. இடது கண்ணில் பட்டது. ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. லேத்தில் நிற்கக் கூடாது என்று கம்பெனியில் அவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள்.

எட்டு மாதம் நான் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. ரம்ஜான் கழிந்து ஒரு மத்தியானம் போனேன். ஜரினா தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனதும், கை வழுக்கவில்லை, தெரிந்துதான் போட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"தெர்யும் நைனா. பந்து உன் கைய வுட்டு வர்றப்பவே தெர்ஞ்சுபோச்சு. நீ இல்லன்னு சொன்ன பாரு, அத்த நம்பிக்கினேன். நம்பணும்னு ஆசயா இருந்துச்சு."

மன்னித்ததாகவும் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. பாபு எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேட்டார். அவன் பேச்சைக் கேட்டு இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாம் என்று, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

அதை நான் பாபுவிடம் போய்ச் சொன்னேன். அவர் அன்றே நிஜாமுதீனுக்குப் போன் செய்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த வருடம் டீமில் என் பெயரைப் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.