பெண்ணாடம் பஸ்ஸைப் பார்த்து நின்ற அப்பா

அப்பாவின் முதலாண்டு நினைவுக் குறிப்பான இதை அக்காதான் எழுதியிருக்க வேண்டும். பெண்ணாடத்தில் டீச்சராக இருப்பவள் அவள். பத்தாவதைத் தாண்டாத என்னிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு அழப் போய்விட்டாள். எனவே பிழைகளுக்கு அவளே பொறுப்பு.

எங்கள் அப்பா திட்டக்குடிப் பக்கம் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பங்குக் கோவில் விடுதியில் தங்கிப் படித்தார். படம் வரையும் கை வாய்த்திருந்ததால் வடக்கே ஒரு தோட்டா தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. துப்பாக்கித் தோட்டாவின் நீளம், பித்தளைக் கூட்டின் கனம், உள்ளே அடைக்கும் மருந்தின் அளவு எல்லாவற்றையும் வரைந்து தீர்மானிக்கும் வேலை. அதைப் பற்றி வெளியே பேசக் கூடாது. அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். நாங்கள் அம்மாவோடு விருத்தாசலத்தில் வளர்ந்தோம். வருடத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்து இறங்கும் விருந்தாளியை ‘அப்பா’ என்று கூப்பிட அம்மா சொல்லிக்கொடுத்தார்.

அம்மா இறந்த அன்று அப்பா ஒரு புதுத் தோட்டாவின் சோதனையில் இருந்தார். தகவல் தெரிந்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறையிலேயே அக்கா சொன்னாள்: “அம்மா மூஞ்சியப் பாக்க வராதவங்க என் வூட்டுக்கும் வர வேணாம்.”

ஓய்வு பெற்று வந்த அப்பா விருத்தாசலம் வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எதிரில் பீங்கான் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் மட்டும் பேச்சுக் கொடுப்பார்.

“எத்தன பேர சுட்டீங்க மாமா?”

“ஒருத்தரையும் சுடலப்பா. பேப்பர்ல கோடு போட்டேன்.”

அதோடு பேச்சு தீர்ந்துவிடும். மாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். பெண்ணாடம் பஸ் கிளம்பும்வரை பார்த்துவிட்டுத் திரும்புவார். ஏறமாட்டார். பஸ்ஸை வழியனுப்புகிற வேலைக்குச் சம்பளம் உண்டா என்று ஒருநாள் கேட்டேன். அப்போதுதான் வாய் திறந்தார்.

“விசைய அழுத்தியும் தோட்டா வெடிக்கலன்னா, கிட்ட போகக் கூடாதுடா. லேட்டா வெடிக்கும். தள்ளி நின்னு காத்திருக்கணும்.”

“எவ்ளோ நேரம்ப்பா?”

“கொஞ்ச நேரந்தான்.”

“நீங்க வருசக்கணக்கா நிக்கிறீங்க. அவ தோட்டா இல்லப்பா, உங்க பொண்ணு.”

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சவரம் செய்துகொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

அக்கா கதவைத் திறந்தபோதும் அப்பா தெருவிலேயே நின்றார்.

“கோவம் ஆறட்டும்னு இருந்தேம்மா.”

“அது அப்பவே ஆறிடுச்சிப்பா. நீங்க வருவீங்கன்னு நானுந்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு மழைக்காலம்தான் கிடைத்தது. கடைசி வாரங்களில் அக்கா ஊட்டிய கஞ்சியைத்தான் குடித்தார். நான் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வார்.

மருத்துவமனைக்கு நேரம் பாராமல் ஆட்டோ ஓட்டியவருக்கும், கடைசி நேரத்தில் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசிய பங்குச் சாமியாருக்கும், சவப்பெட்டியைச் சுமந்த பட்டறை அண்ணனுக்கும் எங்கள் நன்றி. கோவிலில் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும் வீட்டில் சாப்பாடு. எங்களோடு மனத்தாங்கல் உள்ளவர்களும் வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வாருங்கள். அப்பாவின் நாற்காலியைக் கூட உள்ளே எடுத்துப் போட்டுவிட்டோம்.