தெரேசம்மாள் வீட்டுப் பூவரசம் பந்தல்

1. நின்றுகொண்டிருந்த சுவரின் குற்றம்

"அந்தத் தையல்காரியின் சுவர் இன்னும் விழவில்லையா?" என்று எங்கள் பிரெஞ்சு மேலதிகாரியான ஷெஃப் கேட்ட காலையோடு எனக்கும் அலுவலகத்துக்கும் இருந்த நல்லுறவு முடிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் புதுச்சேரிப் பொதுப்பணி அலுவலகத்தில் படம் வரைபவனாக இருந்தேன். தெரு, சாக்கடை, பாலம் எல்லாம் முதலில் என் மேசையில்தான் உருவாகும். ஓய்வு நேரத்தில் கடற்கரைப் பக்கத்துத் துரைமார் பங்களாக்களுக்குத் தோட்டமும் வரைந்து கொடுப்பேன். எல்லாம் ஒரே தோட்டம்தான். நடுவில் புல்தரை, சுற்றிலும் செங்கல்தூள் போட்ட சிவப்புப் பாதை, தொட்டிகளில் குரோட்டன்ஸ். உப்புக்காற்றில் புல் கருகும். அடுத்த வருடம் மறுபடி புல் வரைவேன். யாருக்கும் அதில் வருத்தம் இல்லை.

சுவருக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு தெருவுக்கும் அலுவலகத்தில் ஒரு கோடு உண்டு. தெரு இருக்கும் இடம் அல்ல அது. தெரு எங்கே இருக்க வேண்டும் என்று அலுவலகம் ஆசைப்படுகிறதோ அந்த இடம். இதற்கு அலினிமான் என்று பெயர். ஒரு வீட்டின் மதில் அந்தக் கோட்டைத் தாண்டித் தெருப்பக்கம் நின்றால் அரசாங்கம் அதை இடிக்காது. இடித்தால் விசாரணையும் நஷ்டஈடும் வரும். அதற்குப் பதிலாக, வீட்டுக்காரர் மதிலைப் பழுதுபார்க்கக் கூடாது என்று விதி. செங்கல் வைக்கக் கூடாது, சுண்ணாம்பு பூசக் கூடாது, முட்டுக் கொடுக்கக் கூடாது. மதில் வயதாகித் தானாகவே விழ வேண்டும். விழுந்ததும் கோடு வரைக்குமான நிலம் தெருவோடு சேர்ந்துவிடும். ஒரு மனிதனுக்கு வைத்தியம் செய்யாதே என்று உத்தரவு போட்டுவிட்டு வாசலில் காத்திருப்பதைப் போன்ற விதி. படித்தவர்கள் யோசித்து எழுதியது.

தெரேசம்மாள் வீட்டில் கோடு மதிலுக்கு நாலு மீட்டர் உள்ளே ஓடியது. மதில் உள்பக்கமாகச் சாய்ந்து ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது. அடுத்ததைத் தாண்டாது என்று எல்லாரும் சொன்னார்கள். ஷெஃப் தை மாதம் பிரான்சுக்கு விடுப்பில் கப்பல் ஏற இருந்தார். கப்பலேறும் முன் அந்தத் தெருவை நேராகப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. நேரில் போய் மதில் எப்போது விழும் என்று பார்த்து வரும்படி என்னை அனுப்பினார்.

2. தையல் வெளிச்சம்

தெரேசம்மாள் விதவை. வெள்ளைத் துணியில் பூவேலை செய்து கொடுப்பவர். துரைமார் வீட்டு மதாம்களின் மேசைவிரிப்பு, கோயில் பீடத்துக்கான துணி எல்லாம் அங்கேதான் தயாராகும். அக்கம்பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்து தைப்பார்கள். வீட்டுக்குள் இருட்டு. அதனால் மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த அந்த நாலு மீட்டரில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் போன நேரம் வெயில் ஏறிவிட்டது. பெண்கள் பாயை இழுத்துக்கொண்டு நிழலைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க முசே, செவுரு எப்ப சாவும்னு பாக்க வந்தீங்களா?" என்றார் தெரேசம்மாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் மூச்சு இருக்கு. ஒக்காருங்க."

எங்கள் ஊரில் ஐயா என்றால் முசே. நான் நின்றபடியே விதியைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"அப்ப செவுரு விழுந்தா இந்த எடம் போயிடும். எடம் போனா வெளிச்சம் போயிடும். வெளிச்சம் போனா இதுங்கல்லாம் எங்க போவும்?" என்று பெண்களைக் காட்டினார். "உள்ள ஒக்காந்து தச்சா துணில பூ தெரியாது, விரல்ல ரத்தந்தான் தெரியும்."

ஒரு பெண் சிரித்தாள். "துரைங்களுக்குத் தோட்டம் வரையிற முசே இவருதானே அக்கா? நமக்கு ஒண்ணு வரையச் சொல்லேன். செவுரு விழற வரைக்கும் அனுபவிச்சிட்டுப் போறோம்."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் நான் படிப்பாளி; கேலியையும் விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து வரைந்தேன். என் வாழ்க்கையில் நான் வரைந்த முதல் உண்மையான தோட்டம் அதுதான். ஏனென்றால் அங்கே மனிதர்கள் எங்கே உட்காருவார்கள் என்று முதலில் கேட்டேன்; செடியைப் பற்றிப் பிறகுதான் யோசித்தேன்.

இளையவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதைச் சொல்கிறேன். வெள்ளைத் துணி புழங்கும் இடத்தில் செங்கல்தூள் ஆகாது; காலில் ஒட்டித் துணிக்கு ஏறும். ஆற்றுமணல் பரப்பி, காலையில் தண்ணீர் தெளித்தால் தூசி எழாது. பவளமல்லி வேண்டாம், அதன் காம்பு பட்டால் மஞ்சள் கறை போகாது. நாவல் வேண்டவே வேண்டாம். மேற்கு வெயிலை மறைக்க அந்தப் பக்கத்தில் வாழை; அடுப்பங்கரைத் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் ஒரு வாய்க்காலில் அதற்குப் போகட்டும். கிழக்கே செடி எதையும் நடக் கூடாது. பிற்பகலில் கடற்காற்று வரும் வழி அது. உட்காரக் கல்மேடை கட்டக் கூடாது, ஏனென்றால் அது கட்டடம். பலகை பெஞ்சு போடலாம், ஏனென்றால் அது சாமான். நிழலுக்கு மதிலோரமாகப் பூவரச மரம். தெற்கேயிருந்து வரும் உச்சிவெயிலை அதுதான் தடுக்கும்.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். தெரேசம்மாள் மதிலோர மரத்தின் மேல் விரலை வைத்தார்.

"செவுத்துக்கு முட்டு குடுக்கக் கூடாதுன்னீங்க. மரம் வெச்சா?"

"செங்கல், சுண்ணாம்பு, இரும்பு, முட்டுக்கட்டை என்று எழுதியிருக்கிறார்கள். செடிகொடியைப் பற்றி ஒன்றும் இல்லை."

"கன்னு வெச்சு அது பெருத்துத் தாங்கறதுக்குள்ள செவுரு படுத்துடும்."

"படுத்துவிடும்" என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் மதிலை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "எம் பொண்ணு செலினுக்குக் கலியாணம் வெச்சிருக்கேன். கலியாணப் பந்தலுக்கு உங்க பிரோ ஆபீசுல அனுமதி வாங்கணுமா?" என்றார்.

"தெருவில் போட்டால் வாங்க வேண்டும். சொந்த இடத்துக்குள் போட்டால் தேவையில்லை."

"அது போதும்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

3. மழையில் ஒரு கல்யாணம்

கிறிஸ்துமசுக்கு முந்தைய ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் ஐப்பசி மழைக்கு நடுவிலேயே தெரேசம்மாள் நாள் குறித்தார். மழையில் கல்யாணம் வைக்கிற புத்தி எவளுக்கு வரும் என்று தெருவே பேசியது. பந்தல் போட ரெட்டியார்பாளையத்திலிருந்து வந்த கோவிந்தன் சவுக்குக் கட்டைகளை வண்டியில் கொண்டுவந்திருந்தார். தெரேசம்மாள் அவற்றைத் திருப்பி அனுப்பினார்.

"பூவரசம் போத்துதான் வேணும். பச்சையா, தொட கனத்துக்கு."

"இம்மாம் கனத்துல எதுக்கும்மா? கலியாணம் பண்றீங்களா, கோட்ட கட்றீங்களா?"

"நீ நடு. செவுத்த ஒட்டி நடு. ஆழமா நடு. சம்பந்தி ஊட்டுக்காரங்க கொஞ்சம் பாரமானவங்க."

பூவரசுக்கு ஒரு குணம் உண்டு. போத்தை, அதாவது பச்சைக் கிளையை, வெட்டி ஈரமண்ணில் நட்டால் வேர் விடும். வேலி போடுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. எங்கள் அலுவலகத்தில் யாரும் வேலி போட்டவர்கள் இல்லை. கோவிந்தன் முதல் கால் நட்டதும் பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்தார். மற்றக் கால்களுக்கும் தெளிக்கும்படி தெரேசம்மாள் கேட்டுக்கொண்டார். சாமியார் மதிலையும் கால்களையும் பார்த்தார். வரிசையாக எல்லாவற்றுக்கும் தெளித்தார்.

ஷெஃப் ஒருநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு தன் வண்டியில் அந்த வழியாகப் போனார். பந்தலைப் பார்த்து, "இது என்ன?" என்றார். கல்யாணப் பந்தல் என்றேன். "தற்காலிகமானது" என்று தலையசைத்தார். இந்த நாட்டைப் பற்றித் தங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறவர்கள் செய்கிற தவறு அது. இங்கே பந்தலைப் பிரிப்பார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கல்யாணம் முடிந்ததும் கீற்றைப் பிரித்தார்கள். கால்களைப் பிடுங்கவில்லை. மழை நன்றாகப் பெய்தது. சாய்ந்த மதில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து, பூவரசங் கால்களின் மேல் தோளைப் போட்டு நின்றுவிட்டது.

4. ஒரு கையெழுத்தின் கதை

மார்கழி கடைசியில் ஷெஃப் என்னைக் கூப்பிட்டார். பெரிய கிளார்க் முசே சின்னப்பனும் உடன் நின்றார். ஷெஃப் பேசியது பிரெஞ்சில், தமிழில் தருகிறேன்.

"அந்த மதிலுக்குச் சட்டவிரோதமாக முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முட்டுகளை அகற்றுவோம்."

"அங்கே முட்டு எதுவும் இல்லை. மரங்கள் இருக்கின்றன."

"பந்தல் கட்டைகள்."

"அவற்றில் இலை விட்டிருக்கிறது. இலை விடுகிற முட்டுக்கட்டையைப் பற்றி விதியில் நான் படித்ததில்லை. தாங்கள் படித்திருந்தால் எண்ணைச் சொல்லுங்கள், பார்க்கிறேன்."

அவர் முகம் சிவந்தது. சின்னப்பன் என்னை வெளியே இழுத்து வந்தார்.

"யோவ், உனக்கு இன்னாய்யா வந்துச்சி? கையெழுத்தப் போட்டுட்டுப் போவியா. அந்தம்மா உனக்கு அத்தையா, சித்தியா?"

"ரெண்டும் இல்ல முசே."

"பின்ன எதுக்கு மல்லுக்கு நிக்கிற? அந்த ஆளு கப்பல்ல போயிடுவான். போறதுக்குள்ள உன்ன எங்கனா தூக்கி அடிச்சிட்டுத்தான் போவான்."

"அடிக்கட்டும். இருக்கிறதத்தான் எழுதுவேன். மரம்னா மரம்."

"படிச்சவன் பேசறத பாரு" என்று சின்னப்பன் காற்றைப் பார்த்துச் சொன்னார். அவரும் படித்தவர்தான். அதனால்தான் அந்தக் கையெழுத்தை அவரும் போடவில்லை. கண்ணில் பூ விழுந்திருக்கிறது, இடத்தைச் சரியாகப் பார்க்க முடியாது என்று ஷெஃபிடம் சொல்லிவிட்டார்.

5. பிடுங்கிப் பார்த்தது

மறுநாள் ஷெஃப் தானே தெரேசம்மாள் வீட்டுக்கு வந்தார், கூலிகள் மூவரோடும் மொழிபெயர்க்க என்னோடும். பெண்கள் பாயில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எழவில்லை. தெரேசம்மாள் மட்டும் எழுந்து வணக்கம் சொல்லி, என் படத்தின்படி போட்டிருந்த பெஞ்சைக் காட்டினார். ஷெஃப் உட்காரவில்லை. ஒரு காலைப் பிடுங்கச் சொன்னார்.

கூலிகள் தயங்கினார்கள். "கலியாணத்துக்கு நட்ட காலு தொர. சாமியார் தண்ணி தெளிச்சது. நாங்க வேற சாமிய கும்பிடறவங்க, இருந்தாலும்" என்றான் ஒருவன். நான் மொழிபெயர்த்தேன். மறுபடி கட்டளை வந்தது. பிடித்து இழுத்தார்கள். கால் அசையவில்லை, உச்சியிலிருந்த இலைகள் மட்டும் ஆடின. மதிலிலிருந்து காரை உதிர்ந்து மணலில் விழுந்தது. பெண்கள் தைப்பதை நிறுத்தினார்கள்.

"முசே" என்றார் தெரேசம்மாள் என்னைப் பார்த்து, "பந்தலப் பிரிச்சிட்டேன்னு சொல்லுங்க. நட்டது மொளைச்சா நான் இன்னா பண்ணட்டும்? வேணும்னா மழைய கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுங்க."

கூலிகள் கடப்பாரையை எடுத்தார்கள். அப்போதுதான் நான் ஷெஃப் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். இந்த அலுவலகத்தில் நான் கற்ற அத்தனை விதிகளும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

"மதில் தானாக விழ வேண்டும் என்பது விதி. இப்போது கடப்பாரை போட்டால் மதில் இந்தப் பெண்கள் மேல் விழும். அது தானாக விழுந்தது ஆகாது. அலுவலகம் இடித்தது ஆகும். அதற்கு விசாரணைக் குழு, நஷ்டஈடு, கவர்னருக்கு விளக்கம் எல்லாம் உண்டு. விசாரணை முடியும் வரை சம்பந்தப்பட்ட அதிகாரி ஊரைவிட்டுப் போக அனுமதிக்க மாட்டார்கள். தங்கள் கப்பல் எப்போது?"

அவர் மதிலைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை, மதிலின் நிழலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கூலிகளிடம் கடப்பாரையைக் கீழே போடச் சொன்னார்.

வண்டியில் ஏறும்போது, "நீங்கள் காரைக்காலுக்குப் போகத் தயாராகுங்கள்" என்றார் என்னிடம்.

"உத்தரவு எழுத்தில் வரட்டும்" என்றேன்.

6. கோட்டின் மேல்

வந்தது. போனேன். காரைக்காலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கேயும் கோடுகள் இருந்தன. நான் வருந்தினேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், சொன்னது சின்னப்பனாகத்தான் இருக்கும்.

சில வருடம் கழித்துத் திரும்பியபோது முதல் வேலையாகத் தெரேசம்மாள் வீட்டுக்குப் போனேன். பூவரசுகள் பெருத்து மதிலின் செங்கற்களைத் தங்கள் பட்டைக்குள் வாங்கிக்கொண்டிருந்தன. மரம் மதிலைப் பிடித்திருக்கிறதா, மதில் மரத்தைப் பிடித்திருக்கிறதா என்று தீர்மானிக்க இன்னொரு அறிக்கை தேவைப்படும். நான் எழுதப் போவதில்லை. பெண்கள் பன்னிரண்டு பேராகியிருந்தார்கள். செலினின் பிள்ளை மணலில் உருண்டுகொண்டிருந்தது.

"நல்ல மரம் சொன்னீங்க முசே" என்றார் தெரேசம்மாள். "தெனம் கூடை கூடையா பூ கொட்டுது. பீடத் துணி மேலயே வந்து விழுது. கூட்டி மாளல."

"மரத்த நான் சொன்னேன், போத்த நீங்க சொன்னீங்க."

"அப்ப ஆளுக்குப் பாதி கூட்டுவோம்" என்று துடைப்பத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். கூட்டினேன்.

இப்போது தோட்டம் போடுவதற்கு யோசனை கேட்டு இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். எந்தச் செடி, எத்தனை தொட்டி, பெஞ்சு எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்கிறார்கள். எல்லாம் சொல்கிறேன். ஆனால் முதலில் ஒன்றைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். உங்கள் நிலத்துக்குள் வேறு யாருடைய கோடாவது ஓடுகிறதா என்று விசாரியுங்கள். ஓடினால், எங்கே ஓடுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு அதன் மேலேயே பாய் விரித்து உட்காருங்கள்.